உமி போய்விட்டது, கண் ஏன் வெளுக்கிறது?

காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சாரத்தை மட்டும் தருகிறேன். அவரிடம் ஆறு வயதில் ஒரு கத்தியவார் பெண்குதிரை இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கியது. சாமி ஊர்வலம், மாப்பிள்ளை அழைப்பு என்று வாடகைக்கும் போய்வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டகைக்குப் பக்கத்தில் மெஷினில் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தபோது காற்று திரும்பியிருக்கிறது. குதிரை தலையை உதறியது. இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. கண்ணீர் கன்னம் வரை வழிந்தது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது கண் மேல் உமி மாதிரி ஒன்று ஒட்டியிருந்ததாம். வாசகரின் அக்கா மகன் வேட்டி நுனியை நனைத்து அதைத் துடைத்து எடுத்துவிட்டார்.

மறுநாளும் கண் சரியாகத் திறக்கவில்லை. வீட்டில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்தது. அதை நாளுக்கு மூன்று வேளை விட்டிருக்கிறார்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் நல்ல முன்னேற்றம். சிவப்பு குறைந்தது, கண் முக்கால்வாசி திறந்தது. வியாழக்கிழமை காலையில் பார்த்தால் கருவிழி நடுவில் நீலம் கலந்த வெண்மை, பீளை, மறுபடியும் கண் மூடல். ஊர்ப் பெரியவர் ஒருவர், "பூ விழுந்துடுச்சு, படிகாரத்தைப் பொடிச்சு ஊது, நந்தியாவட்டைச் சாறு விடு" என்கிறார். கண்ணுக்குள்ளே மேல்பக்கம் கருப்பாகக் கட்டி கட்டியாக ஏதோ தொங்குகிறது, உமியின் மிச்சம் உள்ளே போய்விட்டதோ என்று வாசகருக்குச் சந்தேகம். உள்ளூர்க் கால்நடை டாக்டர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். மயக்க ஊசி போட்டால் குதிரை எழுந்திருக்காது என்று மற்றவர்கள் பயமுறுத்துகிறார்கள். பத்து நாளில் ஒரு கல்யாண ஊர்வலம், அதற்கு அட்வான்ஸ் வேறு வாங்கியாகிவிட்டது. என்ன செய்வது?

வியாழன் இரவு மின்னஞ்சலில் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவரைப் போனில் கூப்பிட்டு இரண்டே விஷயம் சொன்னேன்: அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள், இன்றைக்கே நாமக்கல் கிளம்புங்கள். காரணம் சொல்ல அப்போது நேரமில்லை. இங்கே எழுதுகிறேன்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பயங்களில் ஒன்றை முதலில் இறக்கிவைத்துவிடுகிறேன். உள்ளே தொங்கும் அந்தக் கருப்புக் கட்டிகள் உமி அல்ல. குதிரையின் கண்பாவை மனிதர்களுக்கு இருப்பதுபோல வட்டமாக இருக்காது. படுக்கைவாக்கில் நீள்வட்டமாக இருக்கும். அதன் மேல் விளிம்பில் காய்ந்த திராட்சைக் கொத்து மாதிரி கரும்பழுப்பாகச் சில முடிச்சுகள் தொங்கும். பிறவியிலேயே உள்ளவை அவை. மேலிருந்து விழும் வெயிலின் கூச்சத்தை அவை மட்டுப்படுத்துகின்றன என்பது பொதுவான கருத்து. நல்ல வெளிச்சத்தில் வலது கண்ணைப் பாருங்கள், அங்கேயும் இருக்கும். இதைக் "கண்ணுக்குள் கட்டி" என்று சொல்லிக் கொண்டுவருகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது உண்டு. நல்லவேளை, உங்கள் மருமகன் அதையும் எடுக்கப் பார்க்கவில்லை.

இதே இடத்தில் வேறொன்றையும் சொல்லிவைக்கிறேன். கண்ணுக்குள் வெள்ளை நூல் மாதிரி ஒன்று நெளிந்து ஓடினால் அது புழு. மாட்டின் வயிற்றுக்குள் வாழும் புழுவின் குஞ்சு கொசுக்கடி வழியாகக் குதிரைக்குப் போய், வழிதவறிக் கண்ணுக்குள் வந்துவிடும். மாட்டுக் கொட்டகையும் குதிரைக் கொட்டகையும் ஒட்டியே இருக்கும் நம் பக்கத்தில் இது அபூர்வம் இல்லை. அதைச் சொட்டு மருந்தால் வெளியேற்ற முடியாது. ஒரு சிறு கீறல் போட்டு எடுத்துவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் வெளுத்த கண்ணோடு வரும் குதிரை எல்லாவற்றுக்கும் தூசிதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொன்னேன்.

சரி, உமிக்கு வருவோம். ராத்திரியில், வலியில் துள்ளும் குதிரையின் கண்ணிலிருந்து உமியை எடுத்தது தைரியமான காரியம்தான். ஆனால் "எடுத்தாகிவிட்டது, இனி ஆறிவிடும்" என்று நினைத்ததில்தான் சறுக்கல். கருவிழி என்று நாம் சொல்லும் அந்தக் கண்ணாடிப் படலத்தின் தடிமன் குதிரைக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதன் மேல்தோல் அதிலும் மிக மெல்லியது. உமி ஒட்டியிருந்த இடத்தில் அந்தத் தோல் ஏற்கெனவே உரிந்திருக்கும். வேட்டி நுனியால் துடைத்தபோது இன்னும் கொஞ்சம் உரிந்திருக்கும். சலைன் பாட்டில் ஒன்று வாங்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சியிருந்தால் ஒட்டியிருந்த உமி பெரும்பாலும் தானே மிதந்து வந்திருக்கும். துணி தேவையில்லை.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. மெஷினிலிருந்து பறந்தது ஒரே ஓர் உமியாகவா இருந்திருக்கும்? குதிரைக்குக் கண்ணின் உள்மூலையில் மூன்றாவது இமை ஒன்று உண்டு. கண்ணை மூடும்போது அது குறுக்கே வந்து போகும். அதற்குப் பின்னால் ஒரு பை மாதிரி இடம். பதர், ஊசிப்புல், தட்டுச் சக்கை எல்லாம் போய் ஒளிந்துகொள்வதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அங்கே ஒரு துணுக்கு இருந்தால், ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் அரம் போட்டு அராவுகிற மாதிரி கருவிழியில் உரசும். எந்த மருந்து விட்டாலும் புண் ஆறாது. டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. கண்ணை மரக்கவைத்து, அந்த இமையை இடுக்கியால் வெளியே இழுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு நல்ல நாட்கள்

என்னை இன்னும் கவலைப்பட வைப்பது அம்மாவின் சொட்டு மருந்து. நீங்கள் அனுப்பிய படத்தில் லேபிள் தெளிவாகத் தெரிகிறது: மாக்ஸிஃப்ளாக்ஸசினும் டெக்சாமெத்தசோனும் சேர்ந்தது. முதலாவது கிருமிக்கொல்லி, அதில் தவறில்லை. இரண்டாவது ஸ்டீராய்டு. கண்புரை எடுத்த பிறகு மனிதர்களுக்கு அது அவசியமான மருந்து. கருவிழியில் புண் இருக்கும் குதிரைக்கு அதைப்போல ஆபத்தானது வேறில்லை.

செவ்வாயும் புதனும் கண் தெளிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீராய்டு செய்கிற வேலையே அதுதான். சிவப்பை இறக்கும், வீக்கத்தை வற்றவைக்கும், வலியைத் தணிக்கும். ஆனால் சிவப்பும் வீக்கமும் உடம்பு கிருமியோடு சண்டை போடுகிறது என்பதன் அடையாளம். சண்டையை நிறுத்திவிட்டால் வீதி அமைதியாகத்தான் தெரியும். உள்ளே கிருமி தன் பாட்டில் பெருகும். புண் ஆறுவதும் தாமதமாகும். அத்தோடு கிருமிகளும், அவற்றோடு போராடும் வெள்ளை அணுக்களும் விடுகிற ஒருவகை நொதிகள் கருவிழியின் நாரையே கரைக்கும். ஸ்டீராய்டு அந்தக் கரைதலுக்கு இன்னும் தூபம் போடும். நன்றாக முற்றிய நிலையில் கருவிழி வெந்த ஜவ்வரிசி மாதிரி கொழகொழத்து ஒழுகும். அந்தக் கட்டத்தை எட்டிவிட்டால் ஓரிரு நாளில் கண் ஓட்டையாகிவிடக்கூடும். இன்றைக்கே கிளம்புங்கள் என்று போனில் நான் சத்தம் போட்டதற்கு இதுதான் காரணம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பூஞ்சை. பயிர், புல், தட்டு எதனால் அடிபட்டாலும் அதோடு பூஞ்சை வித்துகள் சேர்ந்தே உள்ளே போகும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அவற்றுக்கு ஏற்றவை. மனிதர்களிடமே இதைப் பார்க்கலாம். 1990களில் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களை ஆராய்ந்தபோது, கிருமி கண்டறிய முடிந்தவற்றில் கிட்டத்தட்டப் பாதிக்குக் காரணம் பூஞ்சை. கண்ணில் அடிபட்டு வந்தவர்களே அங்கே அதிகம். குதிரையின் கண்ணோ மற்ற வீட்டு விலங்குகளைவிடப் பூஞ்சைக்குச் சீக்கிரம் இடங்கொடுப்பது. பெரிதாக, பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் கண். மூஞ்சியை நுழைத்துத் தின்பது தட்டும் தவிடும். கிருமிக்கொல்லி மட்டும் விட்டால் பாக்டீரியா அடங்கும், பூஞ்சைக்கு இடம் காலியாகும். அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு குதிரையின் கண்ணிலிருந்து கம்பு உமியை எடுத்துவிட்டு, புண் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்க்காமல், கிருமிக்கொல்லிச் சொட்டு ஒன்றை எழுதிக்கொடுத்துப் பெருமையோடு வீட்டுக்கு வந்தவன். மூன்றாம் நாள் அதே குதிரை வெண்சுண்ணாம்பு அடித்த மாதிரியான கண்ணோடு வந்து நின்றது. மூன்றாவது இமைக்குப் பின்னால் இன்னொரு உமி இருந்தது. கண் தப்பியது, ஆனால் நிரந்தரமாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது. உமியை எடுப்பது இந்த வைத்தியத்தில் சுலபமான பகுதி. எடுத்த பிறகுதான் வேலை ஆரம்பம்.

பூ விழுந்ததா?

பெரியவர் சொன்னதில் பாதி சரி. கருவிழி வெளுத்தால் நாம் பூ என்கிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நான்கு வேறு வேறு நிலைகள் அடங்கிவிடுகின்றன. மேல்தோல் உரிந்த இடத்தில் நீர் ஊறினால் நீலம் கலந்த வெளுப்பு வரும்; புண் ஆறினால் அது மறைந்துவிடும். சீழ் சேர்ந்தால் மஞ்சளாகத் தெரியும். பழைய காயம் ஆறிய தழும்பு என்றால் பளிச்சென்ற வெள்ளையாக இருக்கும், வலி இருக்காது. கண்புரை இதில் எதுவுமே இல்லை, அது பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸில் வருவது. உங்கள் குதிரைக்கு நான்கே நாளில் வந்திருப்பது, வலியோடும் பீளையோடும் வந்திருப்பது. ஆகவே அது ஆறிப்போன பூ கிடையாது, இப்போது நடந்துகொண்டிருக்கும் புண். மாற்றுவதற்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

படிகாரம் வேண்டவே வேண்டாம். அது சருமத்தைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும் பொருள்; தோல் உரிந்த கருவிழியில் பட்டால் எரித்துவிடும், பொடியின் துகளும் உரசும். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்ணின் மேல் வைத்துக் குளிர்ச்சி தேடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. சாறு பிழிந்து புண்ணுக்குள் விடுவது வேறு. கொதிக்க வைக்காத எந்தச் செடிச்சாறும் மறுபடியும் பூஞ்சை வித்துகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உப்பை மென்று துப்புவது, புகையிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பெரியவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்றால், டாக்டர் சாயம் போட்டுப் பார்க்கும்வரை எதுவும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

நாமக்கல்லில் என்ன செய்வார்கள்

மயக்க ஊசி பற்றிய பயத்தில் இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. குதிரையைப் படுக்கப்போட்டு முழு மயக்கம் கொடுப்பது உண்மையிலேயே ஆபத்து கலந்ததுதான். பெரிய ஆய்வுகளில் நூற்றுக்கு ஒரு குதிரை என்ற அளவில் இறப்பு பதிவாகியிருக்கிறது, நாய் பூனையைவிட அது மிக அதிகம். கண்ணைப் பரிசோதிக்க அது தேவையில்லை. சைலசின் மாதிரி மருந்தை நரம்பில் போடுவார்கள். இரண்டு நிமிடத்தில் குதிரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நின்றபடியே தூங்கும். அரைமணி முக்கால் மணியில் தெளிந்துவிடும். முழுவதும் தெளியும்வரை தீனி வைக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஓர் இடத்தில் மரப்பு ஊசி போட்டால் மேல் இமையை இறுக்க முடியாமல் போகும். வலியில் மூடிய கண்ணைக் கட்டாயப்படுத்தித் திறப்பதைவிட இதுதான் பாதுகாப்பு. குதிரையின் இமைத் தசைக்கு அவ்வளவு பலம். ஆழமான புண் இருக்கும்போது விரலால் நெம்பித் திறந்தால் அந்த அழுத்தத்திலேயே கண் கிழிந்துவிட வாய்ப்புண்டு.

அடுத்து, பச்சை மஞ்சளாக ஒளிரும் ஒரு சாயம் விடுவார்கள். மேல்தோல் எங்கே இல்லையோ அங்கே மட்டும் அது பிடிக்கும், புண்ணின் அளவு அப்படியே படம் போட்ட மாதிரி தெரியும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புண் கருவிழியின் கடைசி அடுக்குவரை இறங்கிவிட்டால் அதன் மையத்தில் சாயம் பிடிக்காது. சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் தெளிவு. பார்ப்பதற்கு நன்றாக இருக்கிற மாதிரி தெரியும் அந்த நிலைதான் இருப்பதிலேயே அவசரமானது. மரப்புச் சொட்டு விட்டு, மூன்றாவது இமையின் பின்புறத்தைப் பார்த்து, சலைனால் நன்றாகக் கழுவுவார்கள். புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் இருக்கின்றனவா என்று அன்றைக்கே ஓரளவு தெரிந்துவிடும். இதைச் செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஸ்டீராய்டு விட்ட கதையை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால் அவர்கள் தேடும் திசையே மாறும்.

அந்த மரப்புச் சொட்டு விட்டதும் குதிரை கண்ணைப் பளிச்சென்று திறக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இந்த மருந்தையே வீட்டுக்கும் கொடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. தரமாட்டார்கள், தரவும் கூடாது. திரும்பத் திரும்ப விட்டால் மேல்தோல் முளைக்கவே முளைக்காது.

கருவிழியில் எதுவும் குத்திக்கொண்டு நின்றால், ஆழமாகப் போயிருந்தால், அப்போது பேச்சு வேறு. அதை வழியிலோ வீட்டிலோ யாரும் பிடுங்கக் கூடாது. ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம்; எடுத்த மறுகணம் உள்நீர் ஒழுகி, பின்னால் பாவையைச் சுற்றியிருக்கும் திரையும் பிதுங்கி வரும். முழு மயக்கம் தேவைப்படுவது இம்மாதிரி இடத்தில்தான். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

உரசல் மட்டும் இருந்து, கிருமி ஏறாமல் இருந்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். குதிரையின் கருவிழி மேல்தோல் நாளுக்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக வளரும் என்பது கணக்கு. உங்கள் குதிரை அந்த வரிசையில் இருக்காது என்பது என் ஊகம். பூஞ்சை என்று தெரிந்தால் நாட்டாமைசின் சொட்டு எழுதுவார்கள். மனிதர்களுக்கான மருந்துதான், பெரிய மெடிக்கல் கடைகளில் கிடைக்கும். முதல் சில நாள் வலி கூடின மாதிரி தெரியும். சாகிற பூஞ்சையே கண்ணுக்குள் அழற்சியைக் கிளப்பும். அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நான்கு வாரம், ஆறு வாரம், சிலசமயம் அதற்கு மேலும் விட வேண்டியிருக்கும். கரைகிற புண் என்றால் குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்தே சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரித்துச் சொட்டாக விடுவார்கள், கரைக்கும் நொதிகளை அது தடுக்கும். ஃபிரிட்ஜில் வைத்திருந்து, சொன்ன நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இங்கேதான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கடுமையான புண்ணுக்கு ஆரம்ப நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும், சொட்டு விட வேண்டும். இரண்டு மூன்று மருந்து இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. நீங்களும் மருமகனும் தோட்ட வேலையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? மூன்றாம் நாளே குதிரை உங்கள் கையைக் கண்டால் தலையைத் தூக்க ஆரம்பித்துவிடும். மேல் உதட்டில் கயிறு முறுக்கிப் பிடிக்கத் தோன்றும். வேண்டாம், தலையை உதறும்போது கண்தான் அடிபடும். வாய்ப்பிருந்தால் மேல் இமை வழியாக ஒரு மெல்லிய குழாய் பொருத்தித் தரச் சொல்லுங்கள். அதன் மறுமுனை பிடரிமயிரோடு சேர்த்துப் பின்னியிருக்கும். கண் பக்கமே போகாமல், கழுத்தருகே நின்று மருந்தைச் செலுத்திவிடலாம். அதுவும் முடியாது என்றால் ஒரு வாரம் அங்கேயே சேர்த்துவிடுங்கள். செலவுதான், ஆனால் பாதி மருந்து கன்னத்தில் வழிகிற வைத்தியத்துக்கு ஆகும் செலவைவிட உருப்படியானது.

அட்ரோபின் என்றொரு சொட்டும் தருவார்கள். கருவிழியில் அடிபட்டால் உள்ளே பாவை சுருங்கி, தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வலியில் பெரும்பகுதி அதுதான். அட்ரோபின் அந்தப் பிடிப்பை விடுவிக்கும். ஆனால் குதிரைக்குக் குடலோட்டத்தையும் அது மந்தமாக்கிவிடும். சாணி எத்தனை தடவை போடுகிறது என்று எண்ணுங்கள். குறைந்தாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, முன்காலால் தரையைச் சீய்த்தாலோ அடுத்த சொட்டை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பாவை விரிந்திருக்கும் நாட்களில் வெயில் கூசும், நிழலில் கட்டுங்கள்.

வலிக்கு ஃப்ளூனிக்சின் ஊசி போடுவது வழக்கம். அதை நரம்பில்தான் போட வேண்டும். ஊரில் ஊசி போடும் ஆள் யாராவது சதையில் போட்டுத் தருகிறேன் என்று வந்தால் அனுப்பிவிடுங்கள். அப்படிப் போட்டுச் சதை அழுகிக் குதிரையே போனது உண்டு. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இப்போது ஒன்று போட்டுவிடச் சொல்லுங்கள், டெட்டனஸ் குதிரையை எளிதில் பிடிக்கும்.

கண் தேறுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். குதிரைக்கு நேர் முன்னால் நின்று இரண்டு மேல் இமைகளின் முடிகளையும் ஒப்பிடுங்கள். வலி இல்லாத கண்ணில் முடி வெளிப்பக்கமாக நேராக நீட்டிக்கொண்டிருக்கும். வலி இருக்கும் கண்ணில் தரையைப் பார்த்துத் தொங்கும். இடப்பக்கத்து முடி நாளுக்கு நாள் நிமிர்ந்தால் வைத்தியம் வேலை செய்கிறது. இன்னொன்று: சாயம் பிடிக்கவில்லை, மேல்தோல் மூடிவிட்டது, ஆனால் கண்ணில் மஞ்சளாக ஒரு புள்ளியும் வலியும் இருக்கிறது என்றால் கிருமி உள்ளே அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். மேலே ஆறி உள்ளே புரையோடுவது காலில் மட்டும் நடப்பதில்லை.

ஊர்வலமும் அட்வான்ஸும்

பத்து நாளில் ஊர்வலத்துக்கு அனுப்ப முடியாது. கண் ஒருவேளை வேகமாகத் தேறினாலும் முடியாது. ஒரு பக்கம் பார்வை மங்கிய குதிரை, அந்தப் பக்கத்திலிருந்து வெடியும் மேளமும் டிரோனும் வந்தால் எப்படிப் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளை, சுற்றிலும் குழந்தைகள். சட்டத்திலும் இடமில்லை: காயமோ நோயோ உள்ள, வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரைதான் என்பது அந்தச் சட்டத்தைப் பற்றிய சோகமான நகைச்சுவை. அபராதத்தை விடுங்கள், விபத்து நடந்தால் வரும் வழக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கல்யாண வீட்டாரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டால் அவர்களுக்கு வேறு குதிரை தேட நாள் இருக்கும். சந்தையில் பழக்கமான யாரையாவது நீங்களே ஏற்பாடு செய்து கொடுத்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டிய அவசியமே வராமல் போகலாம்.

கண் போய்விட்டால் ஆடிச் சந்தையில் தள்ளிவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் அங்கே போக வேண்டாம். ஆழமான புண்ணுக்கும் வெண்படலச் சதையைத் திருப்பித் தைத்து மூடும் அறுவை சிகிச்சை இருக்கிறது. தழும்பு நிற்கும், கண் நிற்கும். அப்படியே கண்ணை எடுக்க வேண்டி வந்தாலும், பழகிய இடத்தில் ஒற்றைக் கண்ணோடு நன்றாகவே வாழும் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். விற்பதென்று முடிவானால் வாங்குகிறவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள். அந்தியூரில் சுழி பார்க்கிறவர்கள் கண்ணையும் பார்ப்பார்கள்.

கிளம்பும் முன் சில சில்லறை வேலைகள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போன் செய்து, கண் பார்ப்பவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் காற்று முகத்தில் அடிக்காதபடி முன்பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். தலைக்கயிற்றைச் சற்றுக் குட்டையாகப் பிடித்துக்கட்டுங்கள், இல்லாவிட்டால் முன்னங்கால் முட்டியில் கண்ணைத் தேய்த்துக்கொள்ளும். கண்ணை இறுக்கக் கட்டுப்போட வேண்டாம். அம்மாவின் மருந்துப் பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். திரும்பி வந்ததும் தட்டு வெட்டும் மெஷினைக் கொட்டகையின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்; முடியாது என்றால் வெட்டும் நேரத்தில் குதிரையைக் காற்று வரும் பக்கமாகக் கட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். கண்ணை மட்டும் கிட்டத்தில் எடுக்க வேண்டாம். நேர் முன்னாலிருந்து, இரண்டு பக்க இமை முடியும் தெரிகிற மாதிரி.